ஜெயிக்க வைத்தே கொன்றார்கள்

பிச்சமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்தன. அரியமங்கலம் பட்டறையில் லேத் ஓட்டிய கை. அதைவிட முக்கியம், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டுக் கேரம் கிளப்பில் முப்பது வருஷம் ஸ்டிரைக்கர் சுண்டிய கை. பட்டறைக்கு லீவு போட்டிருக்கிறார்; கிளப்புக்கு ஒரு நாளும் போட்டதில்லை. கல்யாணத்தன்று சாயங்காலம்கூட ஒரு போர்டு ஆடிவிட்டுத்தான் ரிசப்ஷனுக்கு வந்தார் என்று மனைவி வீரம்மாள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தார். நாக்கு குழறியது. பிசியோதெரபிக்கு வந்த பெண் ரப்பர் பந்தைக் கையில் வைத்து, "அமுக்குங்க சார், வெரி குட் சார்" என்பாள். அவர் அமுக்கவே இல்லை, அதற்கும் வெரி குட்! மனுஷனுக்கு வெறுத்துப்போனது. ஆறு மாசம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு நாள், "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டார். வீரம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். அந்த வாரமே ஆட்டோ பிடித்துக் கிளப் வாசலில் இறக்கிவிட்டாள்.

இடது கையால் சுண்டினார். ஸ்டிரைக்கர் நேராகப் போகவே மறுத்தது. ஆனாலும் என்ன அதிசயம், முதல் நாளே ஜெயித்தார். மறுநாள் கிளப்பின் மூத்த ஆட்டக்காரர் பெரியண்ணன் தோற்றார். அதற்கு அடுத்த நாள், முப்பது வருஷமாக இவரைக் கிழித்துத் தொங்கவிட்ட பாலக்கரை செருப்புக்கடை ரசூல் பாயே மண்ணைக் கவ்வினார். ரெண்டு மாசத்தில் இவரை வெல்ல ஸ்ரீரங்கத்தில் ஆளில்லை. வலது கைக்குக் கிடைக்காத பேர் இடது கைக்குக் கிடைத்தது.

அந்தக் கிளப்பில் ஒரு மரபு உண்டு. எவன் காய் தவறவிட்டாலும் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்ட வேண்டும். திட்டாமல் விட்டால்தான் அவமரியாதை. ஒரு நாள் பிச்சமுத்து குழி வாசலில் நின்ற காயையே கோட்டைவிட்டார். ரசூல் வாய் நிறையச் சிரித்து, "நல்ல ட்ரை, மாப்ளே" என்றார். அச்சு அசலாக அந்த ரப்பர் பந்துக் குரல்! பிச்சமுத்துவுக்குச் சுருக்கென்றது.

அடுத்த போர்டில் வேண்டுமென்றே தோற்பது என்று முடிவு செய்தார். ரசூலுடைய கறுப்புக் காய்களை இவரே குழியில் தள்ளிக் கொடுத்தார். ரசூல் பதறிப்போய் ஸ்டிரைக்கரையே குழியில் போட்டு, ஃபவுல் வாங்கி, ஒரு காயை எடுத்துத் திரும்பவும் நடுவில் வைத்தார். இவர் இன்னொன்று தள்ள, அவர் இன்னொரு ஃபவுல். தோற்பதற்கு ரெண்டு பேர் இப்படி மல்லுக்கட்டி அங்கே யாரும் பார்த்ததில்லை. அரை மணி நேரமாகியும் போர்டு முடியவில்லை.

பிச்சமுத்து இடது கையால் ஓங்கிப் பலகையில் ஒரு போடு போட்டார். காய்கள் துள்ளின.

"டேய்... நான் என்ன... செத்தாடா போயிட்டேன்?"

ரசூல் தலையைக் குனிந்துகொண்டார். "வீரம்மா தங்கச்சி வந்து அழுதுச்சுடா. உனக்குக் கோவம் வந்தா பிரஷர் ஏறிடுமாம். 'அவரு தோத்துட்டு மட்டும் வரக்கூடாது அண்ணே'ன்னு எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நான் என்ன பண்றது?"

"ஒழுங்கா... ஆடு."

ரசூல் சட்டைக் கையை மடித்தார். அதன்பிறகு நடந்தது ஆட்டமா? கொலை. இருபத்தைந்து பாயிண்ட் ஆட்டத்தில் எட்டு, ஏழு, ஏழு என்று மூன்று போர்டிலேயே இருபத்திரண்டு. பிச்சமுத்து முட்டை.

நாலாவது போர்டில் பிச்சமுத்துவுக்கு ஒரே ஒரு வெள்ளைக் காய் பாக்கி. எதிராளிக்கு மூன்று. மூச்சைப் பிடித்துச் சுண்டினார். காய் எதிர்க்கட்டையில் முட்டித் திரும்பி வந்து, யோசித்து யோசித்துக் குழியில் விழுந்தது.

ரசூல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஒரு கை விளங்காத பய! குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி போட்டுட்டு முழியைப் பாரு முழியை!"

பிச்சமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா! எட்டு மாசம் கழித்து ஒருத்தனுக்கு அவர்மேல் வயிற்றெரிச்சல். அடுத்த போர்டோடு ரசூல் ஆட்டத்தை முடித்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

வீட்டில் வீரம்மாள் கேட்டாள்: "இன்னைக்கும் ஜெயிச்சீங்கதானே?"

"தோத்துட்டேன். இருபத்தஞ்சுக்கு மூணு."

அவள் முகம் செத்துப்போனது. அவரோ கோலமாவை அடுப்படித் தரையில் கொட்டி, விரலால் கட்டம் கிழித்து, அந்த ஒரு காய் எப்படிப் போனது, எங்கே முட்டியது, எப்படித் திரும்பியது என்று குழறிக் குழறிச் சொல்ல ஆரம்பித்தார். இத்தனை நாள் ஜெயித்துவிட்டு வந்து ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், அரை மணி நேரம் விடாமல் பேசினார். கேரம் பற்றி அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு சீக்கிரம் சோறு போடு" என்றார் கடைசியில். "அந்த பாயை... நிஜமா ஜெயிக்காம... நான் சாக மாட்டேன்."

வீரம்மாள் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ரங்கநாதா, ரசூல் அண்ணன் தோக்கவே கூடாது."