காலில் போட்ட கோடு

அன்று காலை அவசர அறுவை வார்டின் கோடிக் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்: கட்டிலில் படுத்திருந்த மீனவர், அவர் மனைவி, மாமியார், சர்ஜன், நான். இல்லாதவர் ஒருவர்தான், மீனவரின் அண்ணன். படகு அந்த அண்ணனுடையது. காலில் கயிறு கட்டியதும் அவர்தான்.

அந்த ஷிஃப்டில் வார்டின் பொறுப்பு என்னுடையது. ஆண் நர்ஸை எப்படிக் கூப்பிடுவது என்பது எங்கள் பக்கத்தில் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. மாமியார் என்னைப் பார்த்ததும், "ஏய்யா சிஸ்டரு, இங்கன கொஞ்சம் வாய்யா" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்குச் சிரிக்க இருந்தது அவ்வளவுதான்.

முந்தின நாள் சாயங்காலம் வலையில் கிடந்த திருக்கையை எடுத்துப் போடும்போது அதன் வால் முள் தம்பியின் இடது பாதத்தில் இறங்கிவிட்டது. விஷம் மேலே ஏறக் கூடாது என்று அண்ணன் நைலான் கயிற்றை எடுத்துக் கணுக்காலுக்கு மேலே இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறார். அவர்கள் தீவில் பாம்புக்கும் திருக்கைக்கும் ஒரே கட்டுத்தான். கட்டவே கூடாது. பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி அடங்கியிருக்கும். முள்ளையும் காயத்தையும் கரைக்கு வந்து பார்த்திருக்கலாம். படகில் அடுப்பு இருந்தது. அதில் தம்பிக்கு டீ போட்டுக் கொடுத்தார்களாம்.

அந்த முடிச்சு விடிந்து கரை சேர்ந்த பிறகும் அவிழவில்லை. பாலம் தாண்டி ஆம்புலன்சில் எங்களிடம் வந்தபோது, வீங்கிய சதைக்குள் கயிறு புதைந்து கிடந்தது. சர்ஜன் சொல்ல, நான்தான் கத்தரித்தேன். பாதத்துக்கு ரத்தம் திரும்புமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பவில்லை. எங்கள் வீட்டில் கருவேலங்கரி மூட்டம் போட்டு விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். வெந்து முடிந்த கட்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சர்ஜன் ஒளிக்காமல் சொன்னார். "பாதம் போச்சுய்யா. புண்ணுல இருந்து கிருமி மேல ஏறுது. இப்பவே எடுத்தா முழங்காலக் காப்பாத்திரலாம். முழங்கால் இருந்தா செயற்கைக்கால் மாட்டிப் படகுகூட ஏறலாம். அதுவும் போச்சுன்னா கஷ்டம்."

சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். மீனவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்ணன் வரட்டும்."

"நீங்க சம்மதிச்சாப் போதும்ணே. அவரு வரணும்னு இல்ல."

"அதுக்கில்ல தம்பி. கட்டுனது அவன். அவன் வாரதுக்குள்ள கால எடுத்துட்டீகன்னா, எங்கையாலதான போச்சுன்னு நாண்டுக்கிட்டுச் செத்துருவான். அவன் மொகத்தப் பாத்து, ஒன்னால இல்லண்ணேன்னு நாஞ் சொல்லணும். சொல்லிட்டு வாரேன், எங்கன வேணாலும் வெட்டிக்கங்க."

மனைவி ஜெபமாலை சுற்றிய கையால் கட்டில் கம்பியில் அடித்தார். "ஒங்கண்ணன் செல்போன அமத்திப் போட்டுட்டு எங்கன கெடக்கானோ! அவனுக்காக நீ செத்துப் போ. ரெண்டு புள்ளைய நான் கடல்ல எறியிறேன்."

"சும்மா இருடி. வருவான்."

கிருமியால் வரும் சிவப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வைப்பது எங்கள் வழக்கம். முதல் கோட்டைக் கெண்டைக்காலில் போட்டேன். மற்ற கட்டில்களுக்கு ஊசி போட்டுவிட்டு வந்தால், சிவப்பு கோட்டைத் தாண்டி நின்றது. மேலே இன்னொன்று போட்டேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கடல் தண்ணி ஏத்தம் மாதிரி ஏறுதே."

"முழங்காலுக்குக் கிட்ட வந்துருச்சுண்ணே. இப்பச் சரின்னு சொல்லுங்க."

"வந்துருவான் தம்பி."

சர்ஜன் இரண்டு முறை வந்து பேசிப் பார்த்தார். மதியம் டீ வாங்கப் போன மாமியார் தூக்குவாளி இல்லாமல் ஓடி வந்தார். "ஏய்யா, அந்தக் குடிகேடன் கேட்டுக்கு வெளியதான்யா குத்தவச்சிருக்கான்! கொய்யாப்பழ வண்டிக்குப் பின்னால!"

ஓடினேன். ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்தவர், காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். சட்டையில் மீன் செதில் அப்படியே ஒட்டியிருந்தது. நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"தம்பி, நான் கட்டலேன்னா கடல்லயே போயிருப்பான்ல?"

பதில் எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் அந்த மனிதர் எழுந்து எந்தப் பக்கம் நடப்பார் என்பதுதான் தெரியவில்லை.

"உள்ள வாங்கண்ணே. காலைல இருந்து உங்களத்தான் கேக்குறாரு."

"என்னயவா? வையவா?"

"இல்லண்ணே. வாங்க."

கட்டிலுக்கு இரண்டு அடி முன்னால் அண்ணன் நின்றுவிட்டார். தம்பிக்கு அதற்குள் காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "ஒன்னால இல்லண்ணே. முள்ளு ஆழம்" என்றார்.  அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

தம்பி என்னிடம் கையை நீட்டினார். உப்பிலும் கயிற்றிலும் தேய்ந்த பெருவிரல். படிவத்தில் ரேகை சரியாக விழவில்லை. ரேஷன் கடை இயந்திரத்தில் என் அய்யாவின் விரலை அழுத்துவதுபோல, பிடித்து அழுத்தினேன். இரண்டாவது தடவைதான் பதிந்தது.

சர்ஜன் போர்வையை விலக்கினார். நான் போட்ட கடைசிக் கோடு முழங்காலுக்கு மேலே இருந்தது. சிவப்பு அதையும் தொட்டிருந்தது. தொடையில் விரலை வைத்து, எங்கே வெட்டுவது என்று ஆபரேஷன் தியேட்டர் ஆளுக்குக் காட்டினார்.

உயிர் பிழைத்தது. காலைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, மீன் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில் வைத்து அண்ணன்தான் தூக்கிப் போனார். பிறகு கட்டு மாற்ற வந்தபோது மனைவி சொன்னார்: "இவுக அண்ணன் படக வித்துட்டாரு தம்பி. கயித்தத் தொடவே மாட்டேங்குறாரு."

அரசு ஆஸ்பத்திரி, அவர்களிடம் காசு எதுவும் வாங்கவில்லை. அவர்கள் கொடுத்தது இடது கால், முழங்காலும் சேர்த்து. அப்புறம் அந்தப் படகு.