பின்னால் போகாத ரொட்டி வேன்

ரொட்டி வேன் ஓட்டுகிற அந்த மனுஷனுக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் சுத்துக்காரர். பக்கத்துத் தெருவில் ரொட்டி இறக்க வேண்டுமென்றால்கூட நாலு தெரு சுற்றித்தான் வருவார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்வோம். அவர் அதைத் தினமும் டீசல் போட்டுச் செய்தார். காரணம் ஒன்றுதான். ரிவர்ஸ் எடுக்க மாட்டார். தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரியும், எடுக்க மாட்டார்.

வண்டியை நிறுத்துவதற்கு முன்பே வெளியே போகிற வழியைப் பார்த்து வைத்துக்கொள்வார். முட்டுச்சந்தில் கடை இருந்தால் முக்கிலேயே வேனை விட்டுவிட்டு, ரொட்டித் தட்டுகளைத் தலையில் சுமந்து நடப்பார். வேனின் இடது பக்கக் கண்ணாடியில் சிலந்தி குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. சர்வீஸுக்கு விட்டால், "அண்ணே, இந்த ஒரு கியர் மட்டும் இன்னும் ஷோரூம்லயே இருக்கு" என்று மெக்கானிக் சிரிப்பான். இவரும் சிரித்து வைப்பார்.

சிரிக்கிற விஷயமா அது? பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேக்கரி கோடவுன் வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தார். பின்னால் நின்று கை காட்டியவன் அவர் மனைவியின் தம்பி. பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டது. மச்சினனின் இடது பாதத்தில் பாதி போய்விட்டது.

மச்சினன் ஒரு வருஷத்தில் தேறிவிட்டான். ஷூவுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, கையில் தடியோடு, அக்கா வீட்டிலிருந்தே செல்போன் ரிப்பேர் கடை வேலைக்குப் போய்வந்தான். ஷூ வாங்கப் போனால் பாதிக் காலுக்குப் பாதி விலைதானே என்று கடைக்காரரிடம் வம்பு பண்ணுவான். மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூட அவருக்குப் பாரம் குறைந்திருக்கும். அவள் எப்போதும் போலச் சோறு போட்டாள், அவர் எப்போதும் போலச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் அவர் வாழ்க்கையே சுற்று வழியாகிவிட்டது. பஸ் டிரைவர் வேலைக்கு நேர்காணல் வந்தது. மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்துக் காட்ட டிரம்களை வரிசையாக வைத்திருந்ததைப் பார்த்ததும், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தார். பேக்கரி முதலாளி வெளியூர் லாரியைத் தருகிறேன் என்று இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும், எனக்கு இதுவே போதும் முதலாளி என்றார். எதுவும் போதவில்லை என்பது அவருக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும். எனக்கே சில நேரம் அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருக்கும்.

அன்று காலை ஏழு மணி. லோடு ஏற்றிக்கொண்டு, டீ குடிக்க வீட்டுக்கு வந்தார். மனைவி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆஸ்துமா புதிதல்ல. ஆனால் இப்படி இழுத்து அவர் பார்த்ததில்லை. வாயில் அடிக்கிற மருந்தை மச்சினன் அழுத்தி அழுத்திப் பார்த்தான், வெறும் காற்றுதான் வந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் அரை மணி நேரமாகும் என்றார்கள். இரண்டு பேருமாக அவளைத் தூக்கி வேனின் முன் சீட்டில் நடுவே உட்கார வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியின் முன்வாசல் அங்கிருந்து ஐந்து நிமிஷம். ஆனால் அந்த வாசலுக்குள் வண்டி திருப்ப இடம் கிடையாது. போனால் பின்னாலேயேதான் வெளியே வர வேண்டும். பின்வாசல் அப்படியில்லை, ஒரு கேட்டில் நுழைந்து இன்னொரு கேட்டில் போய்விடலாம். முன்வாசலுக்கே போகச் சொல்லி மச்சினன் கத்தினான். அவருக்கு அது காதில் விழத்தான் செய்தது. கை மட்டும் பழைய பழக்கத்தில் ஸ்டியரிங்கைப் பின்வாசல் பக்கம் திருப்பிவிட்டது.

அந்த வழி, மூடிக் கிடக்கும் ஆலையின் இரண்டு மதில்களுக்கு நடுவே போகிறது. ஒரு வேன் போனால் பக்கத்தில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். வளைவு தாண்டியதும் பிரேக் அடித்தார். குழாய் பதிக்க வழியின் முழு அகலத்துக்கும் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

இறங்கி ஓடி வந்து அவளைத் தூக்கிப் பார்த்தார். பள்ளத்தைத் தாண்டினாலும் பின்வாசல் அரை கிலோமீட்டர். இரண்டு எட்டு வைப்பதற்குள் அவள் தலை தொங்கிவிட்டது, உதடு நீலம் பாரித்துவிட்டது. திரும்ப சீட்டிலேயே சாய்த்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். அழுதால் வழி விடுமா மதில்?

"மாமா, பின்னாடி எடுங்க" என்றான் மச்சினன்.

"என்னால முடியாதுடா. வேற யாரையாவது கூட்டிட்டு வா."

"யாரக் கூப்பிடுறது? எனக்கு வண்டி ஓட்டக் கால் இருக்கா?"

சொல்லிவிட்டு இறங்கினான். இடது கண்ணாடியின் சிலந்தி வலையைச் சட்டை முனையால் துடைத்தான். தடியை ஊன்றிக்கொண்டு வேனின் பின்பக்கம் போனான். துடைத்த கண்ணாடியில் அவன் தெரிந்தான், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே பக்கத்தில்.

"அன்னைக்கும் நான்தான் வாங்கன்னு சொன்னேன் மாமா. இன்னைக்கும் நான்தான் சொல்றேன். வாங்க."

மனைவியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் நெஞ்சு கிழிகிற மாதிரி சத்தம் வந்தது. கியர் லேசில் விழவில்லை. இரண்டு தரம் கறகறவென்று கத்திவிட்டு மூன்றாவது தரம் விழுந்தது. வேன் பின்னால் நகர்ந்தது. முந்நூறு அடி. மறுபடி தப்பாக மிதித்துவிடாமல், வலது காலை வலது கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். வாங்க, வாங்க, இடது பக்கம் ஒடிங்க, வாங்க என்ற குரல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

வளைவில் கண்ணாடியிலிருந்து மச்சினன் காணாமல் போனான்.

அவர் பிரேக்கை மிதித்த மிதியில் ரொட்டித் தட்டுகள் எல்லாம் சரிந்தன. குரலும் இல்லை. அவருக்கு உயிரே போய்விட்டது. கதவைத் திறக்கக் கையை வைத்தார்.

"ஷூதான் மாட்டிக்கிச்சு மாமா. கால் இருக்கு. வாங்க" என்றது குரல்.

எப்படி வெளியே வந்தார், முன்வாசலுக்கு எப்படிப் போனார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். வண்டியை எடு என்று கத்திய வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். பெண் டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே, வீடு எங்கே என்று கேட்டார். இவர் தெருப் பெயரைச் சொன்னார்.

"இங்கதானே இருக்கு. ஏன் இவ்வளவு லேட்டு?"

கொஞ்சம் பிந்தியிருந்தால் கையை விரித்திருப்போம் என்று சொல்லிவிட்டு டாக்டர் திரையை இழுத்து மூடினார். அன்று பகல் முழுக்க அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றார், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்தாள். மூக்கின் மேலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, எந்த வழியாக வந்தோம் என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"சுத்தித்தான் கூட்டிட்டு வந்தேன். இன்னைக்கு உன்னைக் கொன்னுருப்பேன்."

அவள் வெகு நேரம் மூச்சு வாங்கினாள்.

"அவன் கால் போனத பத்தி... நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்டிருக்கணும். கேட்டிருந்தா... அன்னைக்கே அழுது முடிச்சிருப்பீங்க."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். நர்ஸ் வந்து, நோயாளியிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று இருவரையும் சேர்த்துத் திட்டி, மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வேனை முன்வாசலுக்கே கொண்டுவரச் சொன்னாள் மனைவி. அவர் சாவியை எடுத்ததும், கை காட்ட நானும் வருகிறேன் என்று மச்சினன் தடியைத் தேடினான்.

"வேண்டாம்டா. நீ உங்க அக்காகூட வேனுக்குள்ள உட்காரு. நானே எடுத்துக்குறேன்."