பெரிய சார் எழுத, சின்ன சார் அழிக்க...

போன மாதம் ஒருநாள் ஏழாம் வகுப்பு 'பி' செக்‌ஷனை ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்தேன். அத்தனை பிள்ளைகளும் நிரபராதிகள். உண்மையான குற்றவாளிகள் இரண்டு பேர். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயசு. ஒருவர் எங்கள் பள்ளியின் கரஸ்பாண்டென்ட், இன்னொருவர் டிரஷரர். அவர்களை எப்படி நிற்க வைப்பது? எனக்குச் சம்பளம் கொடுப்பவர்களே அவர்கள்தானே!

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு, மாடம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் நான் லைப்ரரியன் என்பது தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். லைப்ரரியன் என்றால், எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்குப் போய் "சத்தம் போடாதே" என்று சத்தம் போடுகிறவள். மிச்ச நேரத்தில் புத்தகம் கொடுப்பவள்.

பள்ளி ஓர் அண்ணன் தம்பிக்குச் சொந்தம். பூர்வீகமாக அந்த ஊர்க்காரர்கள், விவசாயக் குடும்பம். வயலெல்லாம் பிளாட் ஆனபோது, மிச்சம் வைத்த நிலத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். கரஸ்பாண்டென்ட் அண்ணனைப் பெரிய சார், டிரஷரர் தம்பியைச் சின்ன சார் என்போம். இரண்டு பேரும் நல்ல மனுஷர்கள். ஒரே ஒரு குறை... ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். எல்லாம் ஒரு போர்வெல் தகராறு. யார் வீட்டு போர், யார் வீட்டுத் தண்ணீரை இழுத்தது என்று பூமிக்குள் போய்ப் பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் வருஷக்கணக்கில் பேச்சு வார்த்தை கிடையாது.

மேனேஜ்மென்ட் மீட்டிங்கில் எதிரெதிர் நாற்காலியில் உட்காருவார்கள். நடுவில் எங்கள் ஹெச்.எம். புஷ்பா மேடம்.

"இந்த வருஷம் பெயின்ட் வேணாம்னு சொல்லுங்க மேடம்" என்பார் பெரிய சார்.

"சார், பெரிய சார் என்ன சொல்றாருன்னா..."

"கேட்டுகினுதானே கீறேன்! எனக்கின்னா காது செவுடா? பெயின்ட் அடிச்சே ஆவணும்னு அவருகிட்ட சொல்லுங்க!"

பாவம் புஷ்பா மேடம். எம்.ஏ., பி.எட். படித்தது இதற்குத்தானா?

இந்த இருவரும் இத்தனை வருஷத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம் என்ன தெரியுமா? என் லைப்ரரியைக் காலி பண்ணுவது! அடுத்த வருஷம் ப்ளஸ் ஒன் காமர்ஸ் வருகிறது. ரூம் வேண்டும். புத்தகமெல்லாம் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஸ்டோருக்கு. நான் ஆபீசில் ஃபீஸ் ரசீது போடலாம்.

"மாசக் கடைசியில மீட்டிங் இருக்கு" என்றார் புஷ்பா மேடம். "அதுக்குள்ள மாடர்னா ஏதாவது பண்ணிக் காட்டுங்க. இன்டர்நெட், கம்ப்யூட்டர்னா கொஞ்சம் யோசிப்பாங்க."

அந்த ரூம் எனக்கு உயிர். கரையானோடு மல்லுக்கட்டிக் காப்பாற்றிய அலமாரிகள். டிபன் சாப்பிட்ட கையை யூனிஃபார்மில் துடைத்துக்கொண்டு ஓடி வரும் பிள்ளைகள். அதைவிட்டு ரசீது போடுவதா? முடியவே முடியாது.

அந்த நேரம் பார்த்து சிட்டியில் பள்ளி லைப்ரரியன்களுக்கு ஒருநாள் பயிற்சி. ஓடினேன். ப்ளாக் என்றார்கள், பாட்காஸ்ட் என்றார்கள், விக்கி என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, புரிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அதுதான் விக்கி. இன்டர்நெட்டில் ஒரு பக்கம். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். பிள்ளைகள் கூடிப் படிக்க அருமையான வழி என்றார் பயிற்சி கொடுத்த பெண்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம்... அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

உறைக்கவில்லை. ஏழாம் வகுப்பு 'பி'யை வைத்து 'நம்ம ஊரு, நம்ம ஸ்கூல்' என்று ஒரு பக்கம் ஆரம்பித்தேன். பாஸ்வேர்டு வைத்தால் பிள்ளைகள் மறந்துவிடும் என்று கதவைத் திறந்தே போட்டேன். கோயிலைப் பற்றி ஒரு குரூப், ஏரியைப் பற்றி ஒரு குரூப். பள்ளியைப் பற்றி எழுதியவள் வினோதினி. "எங்கள் பள்ளிக்கு நிலம் தந்தவர் கரஸ்பாண்டென்ட் ஐயா" என்று முத்து முத்தாக டைப் அடித்திருந்தாள். பெருமையாக அந்தப் பக்கத்தின் முகவரியை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து, இரண்டு சார்களின் மேஜையிலும் நானே கொண்டுபோய் வைத்தேன்.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே... அதுதான்.

மறுநாள் காலையில் பார்க்கிறேன். "நிலம் தந்தவர் டிரஷரர் ஐயா" என்று மாறியிருக்கிறது. சரி, பிள்ளை விளையாட்டு என்று பழையபடி மாற்றினேன். மதியம் பார்த்தால் மறுபடியும் டிரஷரர். அதற்கடுத்த நாள் இப்படி ஒரு வாக்கியம்:

"மேற்படி நிலம் முழுவதும் கரஸ்பாண்டென்ட் அவர்களால் தரப்பட்டது. டிரஷரர் தந்தது கக்கூஸ் கட்டிய இடம் மட்டும்."

சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில், அதுவும் எல்லாமே கேபிடல் லெட்டரில். "அப்போ பிளே கிரவுண்டு யாரோடது? கேட்டுச் சொல்லவும்!"

மறுநாள்தான் 'பி' செக்‌ஷனை நிற்க வைத்தேன். 'மேற்படி' என்ற வார்த்தை ஏழாங்கிளாஸ் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? கோபம் கண்ணை மறைத்துவிட்டது. பெல் அடிக்கப்போகும் நேரத்தில் வினோதினி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"மிஸ், நேத்து பிரௌசிங் சென்டர்ல பக்கத்து கேபின்ல சின்ன சார் இருந்தாரு மிஸ். நம்ம பேஜைத்தான் பாத்துட்டு இருந்தாரு. ஒரே வெரலால டைப் பண்ணாரு. எங்கிட்ட 'ஸ்பேஸ் எங்கம்மா கீது'ன்னு கேட்டாரு மிஸ்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"வாயத் தொறந்தா வெளிய அனுப்பிடுவேன்னு சொன்னீங்க மிஸ்."

சொன்னேன்தான்.

நேரே ஆபீசுக்குப் போய், பெரிய சாரின் கடிதமெல்லாம் டைப் அடிக்கும் கிளார்க் பாஸ்கரைப் பிடித்தேன். அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. "டைப் அடிக்கிற கைதான் மேடம் என்னுது. வாய் பெரிய சாரோடது. மேற்படி, மேற்படின்னு சொல்லச் சொல்ல அடிக்கிறேன். நான் புள்ளகுட்டிக்காரன் மேடம்!"

புஷ்பா மேடத்திடம் ஓடினேன். "ஐயையோ, டெலிட் பண்ணுங்க முதல்ல!" என்றார்.

"எப்ப பண்றது மேடம்? பெரிய சார் எழுதினதும் டெலிட் பண்ணா, பெரிய சாருக்குக் கோபம் வரும். சின்ன சார் எழுதினதும் பண்ணா, சின்ன சாருக்கு."

மேடம் யோசித்தார். டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எங்கிட்ட வரவும் இல்ல, சொல்லவும் இல்ல" என்று ஃபைலைத் திறந்துகொண்டார்.

இனி ரூம் போவது இருக்கட்டும், என் வேலையே போய்விடும் போலிருந்தது. பயிற்சியில் கொடுத்த தாள்களைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் 'கலந்துரையாடல்' என்று ஒரு பகுதி இருக்குமாம். சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாமாம். கும்பிட்டுவிட்டு எழுதினேன்: "மாற்றுக் கருத்து உள்ள பெரியவர்கள் பக்கத்தைத் திருத்தாமல் இங்கே பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன் — லைப்ரரியன்."

முதலில் வந்தது பெரிய சார். "லைப்ரரியன் மூலமாக மேற்படி டிரஷரருக்குத் தெரிவிப்பது யாதெனில்..." அடுத்து சின்ன சார். "லைப்ரரி மேடம், அவருகிட்ட சொல்லிடுங்க..." கடவுளே, இன்டர்நெட்டிலும் நடுவில் ஓர் ஆளா!

ஆனால் கோபம் ஏற ஏற, நடுவில் இருந்த நான் காணாமல் போனேன். 'அவர்' போய் 'நீ' வந்தது. "சர்வேயர் வந்த அன்னிக்கு நீ எங்க போன?" "நான் எங்க போனா உனக்கின்னா? நீ அளந்து விட்ட லட்சணம்தான் தெரியுமே!" வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள், ஏழாம் வகுப்பு ப்ராஜெக்டில் மனசு விட்டுத் திட்டிக்கொண்டார்கள்.

ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சே இல்லை. "இன்னிக்கு எபிசோட் வந்துடுச்சா?" என்று மேத்ஸ் மிஸ் இன்டர்வெல்லில் ஓடி வருவார். 'பி' செக்‌ஷன் பிள்ளைகளுக்குப் பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம் எல்லாம் அத்துப்படி. ஆன்லைன் கருவியால் மாணவர் அறிவு வளரும் என்றார்களே... வளர்ந்ததா இல்லையா?

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், இது வரும் வரை: "லைப்ரரி ரூம் உள்ள மேற்படி இடம் என்னுடையது. அதை ப்ளஸ் ஒன் வகுப்பாக்க நான் எவரையும் கேட்க வேண்டியதில்லை." உடனே சின்ன சார்: "அது என் எடம். கிளாஸ் ஆக்கினா என் பேரைத்தான் போர்டுல போடணும். சாட்சிக்கு அக்காவைக் கூப்பிடுறேன். அக்கா சொல்லட்டும்!"

ரூம் யாருடையதாக இருந்தால் எனக்கென்ன? இருவரில் யார் ஜெயித்தாலும் என் புத்தகம் மாடிப்படிக்கு அடியில்தான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா என்பவர் தனலட்சுமி அம்மா. இருவருக்கும் மூத்தவர். கூடுவாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டவர். கம்ப்யூட்டர் தெரியாது. அதனால் அம்மா சொல்லச் சொல்ல மகள் டைப் அடித்திருக்கிறாள். ஒரு வார்த்தை விடாமல் அடித்திருக்கிறாள்.

"ரெண்டு பேரும் நல்லா கீறீங்களாடா? எழுதிட்டியாடி? ம், எழுது. வடக்கால ஓரம் ஒனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. எனக்கு அப்பா குடுத்த மஞ்சக்காணிடா அது! இப்ப இன்னாடி கீது அங்க? லைப்ரரியா? ஆங், லைப்ரரி. என்னை யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா? புள்ளைங்க படிக்கிற எடம், போவட்டும்னு வாய மூடிகினு இருந்தேன். இப்ப கிளாஸ் கட்டி பீஸ் வாங்கப் போறீங்களாமே! அப்ப என் எடத்தக் குடுத்துடுங்க. திங்கக்கிழம வரேன். இருடி, பால் பொங்குது. ஏய், இதையும் ஏன்டி எழுதுற?"

மஞ்சக்காணி! பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று பிறந்த வீட்டில் எழுதிவைக்கும் நிலம். அதன்மேல்தான் இத்தனை வருஷமாக நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கலந்துரையாடலில் அதற்குப் பிறகு ஒரு வரி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் புஷ்பா மேடம் மூச்சிரைக்க வந்தார். "பேசறாங்க! வராண்டாவுல நின்னு ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசறாங்க!"

"என்ன பேசறாங்க மேடம்?"

"'அக்கா வராளே, இன்னாடா பண்றது'ன்னு பேசறாங்க!"

திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார் தனலட்சுமி அம்மா. ஆபீஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே லைப்ரரி. உள்ளே 'பி' செக்‌ஷன். என் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய சாரும் சின்ன சாரும் வாசற்படியில் நின்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், 'பி' செக்‌ஷன் நின்றதைவிட ஒழுங்காக நின்றார்கள்.

"இன்னா படிக்கிற?" என்றார் வினோதினியிடம்.

"ராக்கெட் பத்தி பாட்டிம்மா. எப்படி மேல போகுதுன்னு."

புத்தகத்தை வாங்கிப் படங்களைப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பிறகு தம்பிகளிடம் சொன்னார். "அஞ்சாவதோட என்னை நிறுத்துனாரு அப்பா. எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் படிக்கணும்னு. ஒங்கள ஸ்கூல்ல வுட்டுட்டு வரப்ப, தெனம் வெளிய நின்னு பாத்துட்டு வருவேன்."

பெரிய சார் சுவரைப் பார்த்தார். சின்ன சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் பங்கும் வேணாம், பணமும் வேணாம். இது இப்படியே இருக்கட்டும். இன்னாடா?"

"சரிக்கா" என்றார்கள். இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

"யாரும்மா இந்த ரூமுக்கு இன்சார்ஜு?"

"நான்தாங்க."

"சாவிய யாருகிட்டயும் குடுக்காத."

அவர் வாசலைத் தாண்டிய பிறகு, அலமாரிக்குப் பின்னால் போய் நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷம்தான்.

மாசக் கடைசி மீட்டிங்கும் முடிந்தது. ப்ளஸ் ஒன்னுக்கு மாடியில் ஷெட் போடப் போகிறார்கள். லைப்ரரி என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லையாம்.

ஒரே ஒரு சிக்கல். தனலட்சுமி அம்மா போகும்போது அந்த ராக்கெட் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டார். தவணை தாண்டி நாளாகிறது. ஃபைன் போட்டாயா என்கிறார் புஷ்பா மேடம். நல்ல கதை... ஓசியில் குடியிருக்கும் நான் வீட்டுக்காரம்மாவிடம் போய் ஃபைன் கேட்பதா?