சாவுக்கு இருபத்தைந்து ஃபிரேம்

தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே ஸ்டுடியோ வைத்திருந்த நேசையன் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தான்: கல்யாணத்துக்கு ஐம்பது, சாவுக்கு இருபத்தைந்து. 2008இல் அவன் வாங்கிய புது வீடியோ கேமரா தெளிவையும் வேகத்தையும் சேர்த்துத் தராது. ரெசல்யூஷனை, அதாவது படத்தின் தெளிவை, முழுதாக வைத்தால் வினாடிக்கு இருபத்தைந்து ஃபிரேம்தான். ஐம்பது வேண்டுமென்றால் ரெசல்யூஷனைக் குறைத்தாக வேண்டும். கல்யாண வீட்டில் ஆடுவார்கள், அசைவு சிதறக் கூடாது. சாவு வீட்டில் வேண்டியது முகம். வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரன் சி.டி.யைப் போட்டு, யார் வந்தார்கள், யார் அழுதார்கள், யார் அழுகிற மாதிரி நடித்தார்கள் என்று எண்ணுவான். பெட்டியைச் சுற்றி நிற்கிறவர்கள் எங்கே ஓடப் போகிறார்கள்?

பாறசாலைப் பக்கம் வேதமாணிக்கத்தின் அடக்கத்தில் ஓடினார்கள்.

ஜூலை மாத மழைமூட்டம். வெளிச்சம் போதாமல் ஷட்டர் வேகத்தையும் குறைத்து வைத்திருந்தான் நேசையன்; வேகமாக அசைவது எதுவும் கலங்கித்தான் பதியும். செத்தவருக்கு இரண்டு மகன்கள், மூத்தவன் யோசுவா, இளையவன் சுபின். ரப்பர் தோட்டத்தை அப்பா மூத்தவன் பெயருக்கு எழுதிவைத்த விஷயம் அன்று காலையில்தான் வெளியே வந்திருந்தது. போதகர் ஜெபத்தை முடிக்கிறவரைகூட அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பாவெ மயக்கி எழுதி வாங்கீட்டு, இப்போ கண்ணீரு வேறயா லேய்?" என்று சுபின் அண்ணனின் சட்டையைப் பிடித்தான்.

யோசுவா அவன் மூக்கில் குத்தினான். இரண்டு பக்கத்து மச்சான்மாரும் பாய்ந்தார்கள். ஒருவன் பக்கத்துக் கல்லறையின் மரச்சிலுவையைப் பிடுங்கி அடித்தான், ஒருவனுக்குப் பல் தெறித்தது. பெண்கள் ஈரமண்ணில் வழுக்கி மிதிபட்டார்கள். பெட்டி சரிந்து குழி விளிம்பில் குத்தி நின்றது. குழி வெட்டிய வேல்சாமி, கூலி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன், மண்வெட்டியோடு நகர வழியில்லாமல் நின்றான். அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி, யோசுவாவின் தலையில் இறக்கினான் சுபின். இளநீர் சீவுகிற சத்தம் கேட்டது. யோசுவா அப்பாவின் குழிக்குள்ளேயே விழுந்து செத்தான்.

மண்வெட்டியை வேல்சாமியின் காலடியில் எறிந்துவிட்டு, "ஐயோ, எனக்க அண்ணனை இந்தப் பாண்டிக்காரன் வெட்டிப்போட்டானே!" என்று சுபின் மாரில் அடித்துக்கொண்டான். அதுவரை ஒருவரையொருவர் குதறிக்கொண்டிருந்த இரண்டு பக்கமும் அந்த நொடியில் ஒன்றாகிவிட்டது. குடும்ப மானம் என்றால் சும்மாவா? எல்லாருமாகச் சேர்ந்து வேல்சாமியின் விலா ஒடிய மிதித்தார்கள்.

நேசையன் எல்லாவற்றையும் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன?

மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அந்தப் பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினார். மண்வெட்டியோடு வேல்சாமி, முகத்திலிருந்த தாடிமுள்கூடத் துல்லியம். அடுத்து வெறும் வெள்ளைத் தீற்றல். அன்று எல்லார் உடம்பிலும் வெள்ளைச் சட்டை. குழி வெட்டியவனுக்கும் துக்க வீட்டார் ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தார்கள். பிறகு ரத்தம். பிறகு, காலடியில் மண்வெட்டி கிடக்க, மறுபடியும் வேல்சாமி. ஐம்பதில் வைத்திருந்தால் அந்தக் கை யாருடையது என்று தெரிந்திருக்கும். நேசையனின் சட்டமே ஒருத்தன் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது.

"எடோ, படத்துல கைவச்சில்லன்னு ஒரு ஒப்பிட்டுட்டுப் போய்க்கோ" என்று, பதிவைத் திருத்தவில்லை என்ற வாக்குமூலத்தை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

மூலையில் கிடந்த வேல்சாமியின் விரல்கள் லத்தியடியில் வீங்கிக் கறுத்திருந்தன. "அண்ணாச்சி, நீங்க பாத்தியள்லா?" என்றான் அவன்.

நேசையன் பேனாவைக் கீழே வைத்தான். "வெட்டினது சுபின், சாரே. நான் கண்டேன்."

"கேமராவுல இல்லாத்தது நீ எங்ஙனெ கண்டு?"

"கேமராவுல வைக்கியது வலது கண்ணு, சாரே. மத்தது தொறந்துதான் இருக்கும். இல்லேன்னா குறுக்க வாறது ஆருன்னு தெரியாது."

இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாக எழுதிக்கொண்டார். வராந்தாவில் நின்ற சுபினுக்கு அத்தனையும் கேட்டது. நேசையன் ஸ்டேஷன் வாசலைத் தாண்டுவதற்குள், அவன் தோளிலிருந்த டிரைபாடைப் பிடுங்கி முதல் அடியைத் தாடையில் போட்டான் சுபின். விழுந்தவனின் முதுகில் இரண்டாவது. புரண்டு திரும்பியபோது டிரைபாடின் இரும்புக் காலை இடது கண்ணில் குத்தினான். போலீஸ்காரர்கள் இழுத்துப் பிடிப்பதற்குள் கண் போய்விட்டது.

இரண்டு வருஷம் கழித்து வழக்கு வஞ்சியூர் கோர்ட்டுக்கு வந்தது. யார் வெட்டியதென்று கோர்ட்டே பார்த்துக்கொள்ளட்டும் என்று வேல்சாமி, சுபின் இருவரையும் போலீஸ் கூண்டில் ஏற்றியிருந்தது. சுபினின் வக்கீல் நீதிபதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஒரு கண்ணை கேமராவுல வச்சாராம், மத்தக் கண்ணால கொலையைக் கண்டாராம். எங்கே, அந்தக் கண்ணைக் கோர்ட்டுக்குக் காட்டட்டும்" என்றார்.

நேசையன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"அன்னைக்கு இந்தக் கண்ணு இருந்துது, சாரே. கண்டதைச் சொன்னேன்னுதான் அதைக் குத்தி எடுத்தான். அன்னா நிக்கியான்" என்று சுபினை நோக்கிக் கையை நீட்டினான்.

வக்கீல் கோப்பை மூடிவிட்டு உட்கார்ந்தார். அந்த மாதமே வேல்சாமியை விட்டுவிட்டார்கள்.