வேறு பூமிக்குப் பேர் கொடுத்தேன்

வானத்தில் எங்கோ நம் பூமியைப் போல இன்னொன்று இருக்கலாமாம். மனிதர்கள் அங்கே போய்க் குடியேறலாமா என்று டிவியில் விவாதம் செய்கிறார்கள். நான் அங்கே போக ஐந்தாம் வகுப்பிலேயே பேர் கொடுத்துவிட்டவள். இதுவரை வெளியில் சொன்னதில்லை. எதையும் எழுந்து சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

குமுளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு சார் ஒருநாள் படம் காட்டும் பெட்டியை இரவல் வாங்கி வந்தார். வகுப்பை இருட்டாக்க, கொழுந்தெடுக்கும்போது அம்மாக்கள் மழைக்குப் போர்த்தும் கம்பளிகளைக் கொண்டுவந்து ஜன்னல்களில் தொங்கவிட்டோம். சுவரில் பூமி வந்தது. நீலமாக, உள்ளங்கையில் ஏந்திவிடலாம் போல. அடுத்த படத்தில் பூமியையே காணோம், நட்சத்திரங்கள் மட்டும். ஒவ்வொன்றும் ஒரு சூரியன் என்றார் சார். பழைய கம்பளிகளின் ஓட்டைகளிலும் வெயில் புள்ளி புள்ளியாய் நின்றது. எது படம், எது ஓட்டை என்று தெரியாமல் என்னைச் சுற்றிலும் வானமாகிவிட்டது. மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்தேன்.

அந்தச் சூரியன்களில் ஒன்றைச் சுற்றி, தண்ணீரும் காற்றும் உள்ள பூமி இருந்தால் நாம் போய் வாழலாமா, கூடாதா? வெள்ளிக்கிழமை இதுதான் பேச்சுப்போட்டி என்றார் சார். போவோம் என்கிறவர்கள் பேர் கொடுக்கலாம். ஆஜர் சொல்லவே குரல் வராத நான் எழுந்து நின்று என் பேரைச் சொன்னேன்.

அதை வீட்டில் போய்ச் சொன்னதுதான் தப்பாயிற்று. தோட்டத்தில் பேர் கொடுப்பது விளையாட்டுக் காரியமில்லை. லயத்து வீடு தோட்டத்துடையது. குடும்பத்தில் ஒருவர் பேராவது ஆபீஸ் பதிவேட்டில் இருந்தால்தான் அங்கே அடுப்பெரியும். பெரியவர்களுக்கு வயதானால் பிள்ளைகளில் ஒன்று போய்ப் பேர் கொடுக்கும். அப்பாவின் தாத்தாவும் அடிவாரத்தில் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த எவனோ ஒருவனிடம் பேர் கொடுத்து, இரண்டே வருஷத்தில் திரும்புவதாகச் சொல்லித்தான் மலையேறினாராம். என் பேர் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறக்கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம்.

"ஏட்டி, எதுக்குப் பேர் கொடுத்த?" என்றாள் அம்மா.

"வேற பூமிக்குப் போறதுக்கு."

"தோட்டம் பத்தாதுன்னு பூமிக்கே பேர் கொடுத்துட்டு வந்திருக்கா பாருங்க."

அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் மத்தியான வேலையை விட்டுவிட்டு, கல்யாணங்களுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, பள்ளி விடும் நேரத்தில் வந்து நின்றார்.

"எம் மவ பேரை அடிச்சிருங்க, சார்."

சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெறும் பேச்சுப்போட்டிதான், யாரும் எங்கும் போகப்போவதில்லை என்று விளக்கினார். அப்பாவின் முகம் தெளிந்தது. ஆனாலும் அவர் கிளம்பவில்லை. அன்று நாலாம் வகுப்புக்குப் படம் காட்டியிருந்ததால் கம்பளிகள் ஜன்னலிலேயே தொங்கின. அந்தப் படத்தைத் தானும் பார்க்கலாமா என்று தயங்கிக் கேட்டார்.

பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமி முன்னால் நிற்பதுபோல் நின்று வெகுநேரம் பார்த்தார். அப்பா அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். அங்கே பனி விழுமா, முதலில் காடு வெட்டப் போவது யார், போய்ச் சேர எத்தனை நாளாகும். இன்று புறப்பட்டால் போகிறவர்கள் வழியிலேயே இறந்துபோவார்கள், அவர்களுடைய பேரன் பேத்திகளுக்கும் எத்தனையோ தலைமுறை தள்ளிப் பிறப்பவர்கள்தான் போய் இறங்குவார்கள் என்றார் சார்.

அப்பா சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "போறவன் பேர் கொடுத்துட்டுப் போறான், சார். வழியில பொறக்குற பிள்ளைய யாரு கேட்டா?"

சார் பட்டியலை எடுத்து, வேண்டுமானால் பேரை அடித்துவிடுகிறேன் என்றார். நான் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம், சார். அவளே எந்திரிச்சுச் சொன்ன பேரு. இருக்கட்டும்."

வீட்டுக்கு வரும் வழியில் நான் அப்பாவின் கையைப் பிடிக்கவில்லை. என் பேர் தப்பியதில் சந்தோஷம்தான். ஆனால் பேச்சுக்குத்தான் என்றாலும், திரும்பி வரவே முடியாத தூரம் என்று காதால் கேட்ட பிறகும், என்னை இவ்வளவு லேசாக அனுப்பச் சம்மதித்துவிட்டாரே என்று அழுகை முட்டியது. அப்பா பிறந்தது அதே லயத்தில். போகிறாயா, இருக்கிறாயா என்று அவரை ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அது அப்போது தோன்றவில்லை. தேயிலைச் சரிவு முழுக்க, அவருக்குப் பத்தடி முன்னால் கோபமாகவே நடந்தேன்.