அக்டோபர் பரீட்சையும் பத்து மார்க் இடியம்ஸும்

எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டேன். அக்டோபரில் மறுபடி எழுதிப் பாஸானால் காஞ்சிபுரம் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் ட்ரெயினிங். இல்லாவிட்டால் தை மாசம் கல்யாணம். நைனா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

உத்திரமேரூர் டுடோரியலில் கொடுத்த நோட்ஸில் பயணத்தைப் பற்றிய இடியம்ஸ் மட்டும் ஒரு பக்கம் இருந்தது. பத்து மார்க் நிச்சயம் என்றார்கள். ‘ஹிட் தி ரோட்’ என்றால் கிளம்புவது. ‘லிவ் அவுட் ஆஃப் எ சூட்கேஸ்’ என்றால் ஓரிடத்தில் தங்காமல் ஊர் ஊராகத் திரிவது. எங்கள் வீட்டில் ஏது சூட்கேஸ், ஒரு தகரப் பெட்டிதான்! எங்கள் ஊரான பெருநகரை விட்டால் நான் பார்த்த உலகம் உத்திரமேரூரும் காஞ்சிபுரமும்தான். ‘இட்ச்சி ஃபீட்’ என்று கத்திப் படித்தேன். ஊர் சுற்றக் கால் அரிப்பது என்று அர்த்தம் சொன்னதும் அம்மா, “அரிச்சா வேப்பெண்ணெ தடவுடி, ஊரு சுத்தணுமா இன்னா?” என்றாள்.

பரீட்சையன்று ஏழரை மணி பஸ்ஸுக்காக நானும் நைனாவும் வாசல்படி இறங்கினோம். உள்ளே மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த அம்மா தும்மிவிட்டாள். ஒரே ஒரு தும்மல். நைனா பதறிப்போனார்.

“ஒத்தத் தும்மல்! உள்ள வந்து உக்காரு. தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பலாம்.”

“பஸ் பூடும் நைனா!”

“அடுத்த பஸ் கீது. நீ பாஸாவணும்னுதானே சொல்றேன்?”

சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் ஹாரன் சத்தம் கேட்டது, பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் ஒன்பதரைக்குத்தான் வந்தது. பத்து மணிப் பரீட்சைக்குப் பத்தே முக்காலுக்குப் போய் நின்றோம். அரை மணிக்கு மேல் தாமதமானால் விடமாட்டார்களாம். ஊரில் யாருக்கும் தலை குனியாத மனுஷர், தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட் வாட்ச்மேனைக் கையெடுத்துக் கும்பிட்டார். கேட் திறக்கவில்லை. எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது. பாவமாக இருந்தது.

பரீட்சை முடிந்து வந்த என் வகுப்புக்காரி கேள்வித்தாளைக் காட்டினாள். அதே இடியம்ஸ், அதே பத்து மார்க். மற்றதும் முக்கால்வாசி எனக்குத் தெரிந்ததுதான்.

“இன்னாம்மா, எல்லாம் தெரிஞ்சதுதானா?” நைனா என் முகத்தையே பார்த்தார்.

“ஒண்ணுமே தெரியல நைனா. எழுதியிருந்தாலும் பெயிலுதான்.”

அவர் மனசு ஆறட்டும், அவரால்தானே தாமதமானது, மார்ச்சில் எழுத விடுவார் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

“அப்ப நல்லதாப் போச்சு. இவ்ளோ நாள் படிச்சும் வரலன்னா உனுக்கு இங்கிலீஷு வராதும்மா. வுடு, இன்னாத்துக்கு வீண் பேஜாரு?”

மார்ச்சில் எழுதுகிறேன் என்று சொல்ல, வீடு வந்து சேரும்வரை வாயெடுத்தேன். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. சொல்ல முடியவில்லை. தை பிறந்ததும் கட்டிக் கொடுத்துவிட்டார். யாரைப் போய்த் திட்டுவது? அந்தப் பொய்யைச் சொன்னது என் வாய்தானே.