மெட்ராஸ் பக்குவம்

காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மொத்த வியாபாரம் செய்த தாஜுதீன் பாய்க்கு ஊர்களின் தூரம் மைலில் தெரியாது, காயில்தான் தெரியும். புதுக்கோட்டை என்றால் மஞ்சள் தட்டிய தார். மதுரை என்றால் பச்சை வெளுக்கத் தொடங்கிய தார். மெட்ராஸ் என்றால் முக்கால் விளைச்சல், கல்லு மாதிரி காய். கூட்ஸ் வண்டியில் அங்கங்கே படுத்து எழுந்து, கொத்தவால் சாவடியில் இறங்கிக் கனிவதற்குச் சரியாக இருக்கும். மூட்டை தூக்க வந்தவரை முதலாளி ஆக்கியது அந்தக் கைக்கணக்குதான்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் மகள் நசீராவுக்கு மெட்ராஸில் மாப்பிள்ளை அமைந்தது. பேசி முடிக்க வந்த சம்பந்தி பரக்கத் அலியிடம், சந்தோஷத்தில் பாய் வாயை விட்டுவிட்டார்.

"நிச்சயத்துக்கு நாங்க ப்ளேன்ல வர்றோம். காலைல தொட்டியத்துல வெட்டுன பூவன், சாயங்காலம் உங்க தட்டுல பழமா இருக்கும்."

"அதையும் பாத்துருவோம், சம்பந்தி" என்றார் அவர். ஊருக்குத் திரும்பியதும் திருவல்லிக்கேணியில் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லிவைத்தார். பாயின் மானம் அந்தத் தாரில் தொங்கியது.

நிச்சயத்தன்று விடியற்காலையில் பாயே தோட்டத்தில் இறங்கி இரண்டு தார் வெட்டினார். விமான நிலையத்தில் தாரை நிறுத்துவிட்டு அவரையும் எடைமேடையில் ஏறச் சொன்னார்கள்.

"நான் எந்த ஊருக்கு அனுப்புற பக்குவத்துல இருக்கேங்க?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

விமானம் கிளம்பியது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் ஒரு தலைவாழை இலையாகச் சுருங்கியது. பாய்க்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. மனைவி ரோஷன் பேகம் கண்ணைத் திறக்காமலே, எவ்வளவு தூரம் என்று விமானப் பணிப்பெண்ணைக் கேட்டாள்.

"இருநூறு மைல்மா. ஒன்றரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம்."

ரோஷன் பேகம் கண்ணைத் திறந்தாள். "என்னங்க, அதுக்குள்ள காய் பழுத்துருமா?"

பணிப்பெண் கொடுத்திருந்த பெப்பர்மிண்ட் பாயின் கன்னத்தில் அப்படியே நின்றது. "மெட்ராஸ்னு நெனச்சேன். கை அதுபாட்டுக்கு வெட்டிருச்சு, ரோஷன்."

முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை அவள் சிரித்தாள்.

இறங்கியதும் டாக்ஸி நேரே கொத்தவால் சாவடிக்குப் பறந்தது. அங்கே பாயிடம் சரக்கு எடுக்கும் மருதை, முசிறிக்காரர்.

"ப்ளேன்ல வந்த ஆளுக்கு இங்க என்ன வேலை, பாய்?"

"பேசாம கனிஞ்ச பூவனா ரெண்டு தார் எடு."

மருதை சாக்கை விலக்கினார். "எல்லாம் உங்க சரக்குதான். ரயில்ல அனுப்பினீங்களே, இன்னைக்குத்தான் கனிஞ்சு நிக்கிது."

பாய் தன் தாரையே கட்டிக்கொண்டு நடுக்கடையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சாயங்காலம் சபை நிறைந்திருந்தது. பரக்கத் அலி ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டார்.

"மாஷா அல்லாஹ். காலைல மரத்துல இருந்ததா இது?"

எல்லார் கண்ணும் பாய் மேல். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் ரோஷன் பேகம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது, பாய்க்கும் தாங்கவில்லை.

"இது ரயில்ல வந்த பழம், சம்பந்தி. ப்ளேன்ல வந்தது உங்க வாசல்ல கோணிக்குள்ள காயா கெடக்கு."

பரக்கத் அலிக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்து நீட்டினார்.

"இப்ப தட்டை மாத்திக்குவோம். ஆனா அந்தக் காய் பழுக்குற வரைக்கும் உங்க ரெண்டு பேரையும் ஊருக்கு விடறதா இல்ல."